பின்னால் போகாத கார்

எங்கள் வீட்டில் கார் ஓட்டுகிறவள் என் மனைவி. எனக்கு ஓட்டத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து பயப்படத் தெரியும். அதைக் குறையில்லாமல் செய்துவருகிறேன். மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்திலிருந்து செம்பூரில் அவளுடைய அக்கா வீடு வரை பதினொரு சிக்னல், பத்தொன்பது வேகத்தடை. ஒவ்வொன்றும் வருவதற்கு முன்னாலேயே நான் சொல்லிவிடுவேன். "எனக்கும் ரெண்டு கண்ணு இருக்கு, அதையும் எண்ணிக்கோங்கோ" என்பாள்.

அவள் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் ஓட்டக் கற்றுக்கொண்டாள். டிரைவிங் ஸ்கூல்காரர் பொறுமைசாலி. ஆனால் அவள் இடது கால் கிளட்சை ஹார்மோனியத்தின் துருத்தி மாதிரி மிதித்தது. கடைசியில் அவர், "ஆன்ட்டி, ஆட்டோமேட்டிக் லே லோ" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அப்படித்தான் அந்தச் சின்ன ஆட்டோமேட்டிக் கார் வந்தது, ஏற்கனவே ஒருவர் ஓட்டித் தேய்த்தது. "கைக்கும் வலது காலுக்கும் வேலை. இடது காலுக்கும் ரிட்டயர்மென்ட்" என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வாள்.

இப்போது அவளுக்கு எழுபத்திரண்டு, காருக்குப் பதினெட்டு. செம்பூர் அக்காவுக்கு எண்பத்தொன்று. குளியலறையில் விழுந்து எழுந்ததிலிருந்து அக்கா ஆட்டோவில் ஏறமாட்டாள், டாக்ஸியில் ஏறமாட்டாள். மொபைலில் கூப்பிட்டால் வருகிற வண்டியை அவள் வண்டியாகவே ஒப்புக்கொள்வதில்லை. "யாருன்னே தெரியாதவன் பின்னாடி நான் எதுக்கு உக்காரணும்?" தங்கை ஓட்டினால் மட்டும் ஏறுவாள். அதனால் சனிக்கிழமைதோறும் இவள் செம்பூர் போய் அக்காவை ஏற்றிக்கொண்டு மாட்டுங்கா வருவாள். ஒரு தோசை, ஒரு காபி, ஒரு முழம் பூ. பிறகு கொண்டுபோய் விடுவாள். அக்கா வீட்டை விட்டு வெளியே வருவது அந்த ஒரு நாள்தான்.

எங்கள் பெண் டோம்பிவிலியில் இருக்கிறாள். அம்மா ஓட்டுவதை நிறுத்த வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் கட்சி. அதற்கு அவளிடம் ஒரு வலுவான ஆதாரமும் இருந்தது. என் மனைவிக்கு ஹாரன் சத்தம் ஆகாது. எதிரில் யாராவது ஹாரன் அடித்தால் கை தானாக கியரில் ரிவர்ஸுக்கான ஆர் எழுத்துக்குப் போய்விடும். ஒருமுறை மார்க்கெட் தெருவில் ஒரு டெம்போவுக்கு வழி விடுவதற்காகத் தெரு முழுவதும் பின்னாலேயே போய், முனையில் நின்ற இளநீர் வண்டியில் இடித்துவிட்டாள். இருபத்தாறு இளநீர் உருண்டன. இருபத்தைந்தை நான் கண்டுபிடித்துக் கொடுத்தேன்.

"எல்லாருக்கும் பயந்து பின்னாடி போறா, அப்பா. ஒருநாள் பின்னாடி ஒரு கொழந்தை நின்னா? போதும்" என்றாள் பெண். 

இந்த நிலையில்தான் சயானில் ஒரு சனிக்கிழமை, மூன்றாவது சிக்னல் பச்சையானபோது, கார் நகரவில்லை. இன்ஜின் கத்தியது; சக்கரம் கேட்கவில்லை. பிறகு திடீரென்று நினைத்துக்கொண்டு ஒரு குதி குதித்தது. அடிப்பிடித்த பால் மாதிரி ஒரு வாடை. மறுபடி நின்றுவிட்டது.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒரு பையன் டை கட்டிக்கொண்டு வந்து பார்த்தான். கியர்பாக்ஸ் தேய்ந்துவிட்டது, திறந்து பழுது பார்ப்பது தங்கள் வழக்கமில்லை, புதிதாக மாற்ற வேண்டும் என்றான். அவன் சொன்ன தொகைக்கு இந்தக் காரையே இன்னொன்று வாங்கி, அதன் கியர்பாக்ஸையும் வைத்துக்கொள்ளலாம்.

பெண் போனில் தீர்ப்பு சொன்னாள். "அம்மா, பங்கார்ல, பழைய இரும்புக்குப் போட்டுடு. கார் கதை முடிஞ்சுது."

"ரிப்பேர் பண்ணினா?"

"பண்ணினா நான் வந்து உக்காந்து பாப்பேன். எனக்கு சரின்னு பட்டா ஓட்டு. இல்லேன்னா சாவியை என்கிட்ட குடுத்துடணும். ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்" என்றாள் என் மனைவி. அப்புறம் போனை வைத்துவிட்டு, அன்று இரவு சாப்பாட்டில் உப்புப் போட மறந்தாள். நாற்பத்தைந்து வருஷமாக நான் பார்த்து அவள் உப்பை மறந்தது இரண்டாவது முறை.

தாராவியில் தொண்ணூறடி ரோடு பக்கம் ஒரு காரேஜைப் பற்றிப் பூக்கடைக்காரர் சொன்னார். முதலாளியும் மெக்கானிக்கும் ஒருவரே. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். கார் நின்ற இடத்துக்கே வந்து, ஆயில் குச்சியை உருவி மூக்கருகே கொண்டுபோனார்.

"கருகிப் போச்சு மாமி. உள்ள கிளட்ச் பிளேட்டு பூரா அப்பளமா கெடக்கும். டென்ஷன் எடுக்காதிய. பம்பாய்ல ஆட்டோமேட்டிக்க பிரிச்சுக் கோக்கதுக்கு மூணே பேருதான். ஒருத்தன் துபாய் போயிட்டான், ஒருத்தன் செத்துப் போயிட்டான்."

"மூணாவது நீங்களா?" என்றேன்.

"பொறவு?"

காரை இழுத்துக்கொண்டுபோய் சந்தின் கடைசியில் இருந்த அவருடைய கொட்டகையில் நிறுத்தினார்கள். அது முட்டுச்சந்து. காரின் மூக்குக்கு நேர் எதிரே சுவர். இதை நினைவில் வைத்துக்கொள்ளவும். பின்னால் எல்லாம் இதனால்தான் வந்தது.

வேலை நடந்த நாளெல்லாம் நான் அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கழற்றிய கியர்பாக்ஸைத் தமிழ்ப் பேப்பரைப் பரப்பி அதன்மேல் பிரித்துப் போட்டார். வட்டம் வட்டமாகத் தட்டுகள், கறுத்துப்போனவை. தேய்ந்த ரப்பர் வளையங்கள். கடைசியாக ஒரு அலுமினியப் பலகை. அதற்குள் குடல் மாதிரி வளைந்து வளைந்து ஓடும் வாய்க்கால்கள். ஆயில் எந்தப் பக்கம் போனால் எந்த கியர் விழும் என்று தீர்மானிப்பது அதுதானாம். "இது பேரு வால்வ் பாடி மாமா. வண்டிக்கு மூளை" என்றார். மூளையைக் கவிழ்த்ததும் மிளகு மாதிரி சின்னச் சின்ன இரும்புக் குண்டுகள் உதிர்ந்தன. நான் குனிந்து பொறுக்கினேன். ஏழு.

"அதது எந்தக் குழியில இருந்துதுன்னு ஒரு போட்டோ எடுத்துக்க வேண்டாமா?"

"போட்டோ எடுக்கதெல்லாம் நேத்து வந்த பயலுவ. எனக்கு எல்லாம் மண்டைல இருக்கு."

"குண்டு ஏழு."

"சரி."

"எழுதி வச்சுக்கலாமே."

"மாமா, நீங்க எண்ணுங்க, நான் பூட்டுதேன். ஆளுக்கொரு வேலை."

எனக்கு அது பிடித்திருந்தது. ஏழு குண்டுகளையும் நான் பிளாஸ்க்கோடு கொண்டுபோயிருந்த காபி டபராவில் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன். குர்லா பழைய சாமான் சந்தையிலிருந்து அதே மாதிரி வண்டி ஒன்றின் நல்ல பாகங்கள் சிலவும், புதுத் தட்டுகளும் வளையங்களும் வந்துசேரும்வரை அந்த டபராவை வீட்டுக்கும் காரேஜுக்கும் தூக்கிக்கொண்டு அலைந்தேன். அது வரைக்கும் காபியை நான் டம்ளரில்தான் ஆற்றிக் குடித்தேன்.

பூட்டுகிற அன்று நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். "ஒண்ணு." அவர் போட்டார். "ரெண்டு." போட்டார். ஐந்தாவதில் அவருக்கு ஊரிலிருந்து போன் வந்தது. அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு டிக்கெட் உறுதியாகிவிட்டதாம். காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, "ஏல, கரகாட்டம் யாருல? போன வருசம் வந்தவளா?" என்று கேட்டபடியே கையை நீட்டினார். நான் "அஞ்சு, அஞ்சு" என்று இரைந்து சொல்லிக் கொடுத்தேன். போட்டார்.

"ஏழு!" என்றேன், காலி டபராவைக் கவிழ்த்துக் காட்டி.

"ஏழும் போட்டாச்சு மாமா" என்று அவரும் பலகையை மூடிப் பூட்டினார்.

கணக்கு அவ்வளவு சுத்தமாக முடிந்த திருப்தியில் எனக்கு வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை.

டெலிவரி எடுக்கும் நாள், நான்கு எலுமிச்சம்பழம், கற்பூரம், குங்குமம் எல்லாம் தயாராக இருந்தன. என் மனைவி பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஏறி உட்கார்ந்து ஆரில் கை வைத்தாள். மெக்கானிக் காருக்கு முன்னால் பாய்ந்தார்.

"மாமி! கைய எடுங்க! புது உசிரு வந்த வண்டி, மொத அடி பின்னால எடுக்கப்படாது!"

"முன்னாடி சுவர்னா இருக்கு?" என்றாள்.

அது உண்மை. சுவருக்கும் மூக்குக்கும் நடுவில் எலுமிச்சம்பழத்தை வைக்கவே இடம் போதவில்லை. எல்லோரும் யோசித்தார்கள். எனக்கே அது நியாயமாகப் பட்டது. எங்கள் வீட்டிலும் நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர்கள் திரும்பிப் பார்த்தால் உள்ளே வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவார்கள். "தள்ளினாக்க தோஷமில்லையே?" என்று நான்தான் கேட்டேன்.

"தள்ளுனா வண்டி போவலியே மாமா. நாமதான் போறோம்."

ஆகவே காரை நியூட்ரலில் போட்டு, மெக்கானிக், தோல் பை தைக்கிற இரண்டு பேர், இட்லிக் கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்த ஒருவர், நான் ஆக ஐந்து பேர் சந்து முழுக்கப் பின்னால் தள்ளி, மெயின் ரோட்டில் திருப்பி நிறுத்தினோம். அங்கே எலுமிச்சம்பழம் வைத்தோம். கார் முன்னால் போய் நான்கையும் நசுக்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். மெக்கானிக் அன்று சாயந்திரமே கொடைக்கு ரயிலேறினார்.

கார் வெண்ணெயாக ஓடியது. ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று, எப்போது மாறியது என்றே தெரியவில்லை. என் மனைவி பாடிக்கொண்டே ஓட்டினாள். எங்கள் கட்டடத்தின் வளாகத்துக்குள் நுழைந்து, எங்கள் இடத்துக்கு முன்னால் நிறுத்தி, பின்னால் விடுவதற்காக ஆரில் போட்டாள்.

இன்ஜின் கத்தியது. கார் நகரவில்லை.

டியில் போட்டாள், போயிற்று. ஆரில் போட்டாள், உறுமியது, நின்றது. "இன்னொரு தடவை" என்றேன். ஒன்பது தடவை பார்த்தோம். கடைசியில் மூக்கை முன்னால் விட்டே நிறுத்தினோம்.

மெக்கானிக்குப் போன் போட்டேன். ரயில் சத்தம்.

"ரிவர்ஸ் இல்லையா? முன்னால போவுதா?"

"போறது."

"அப்போ முன்னால போங்க மாமா! எதுக்குப் பின்னால போறிய? திங்கக்கெழம வந்து பாக்கேன்..." சுரங்கம் வந்திருக்க வேண்டும்.

பெண் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தது சனிக்கிழமை. மெக்கானிக் வருவது அதற்கு அடுத்த திங்கள். நான் பெண்ணிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன்.

"சொன்னா என்ன சொல்லுவா தெரியுமோ? பாத்தியா, ரிப்பேரே சரியில்லைன்னு சாவியை வாங்கிண்டு போயிடுவா. அப்புறம் அக்கா ஜன்னல்லயே உக்காந்துண்டிருக்க வேண்டியதுதான்."

"ரிவர்ஸ் இல்லாம எப்படிப் போறது?"

"நீங்கதான் எல்லாத்தையும் எண்ணுவேளே. எங்கெங்க ரிவர்ஸ் வேணும்னு எண்ணுங்கோ."

எண்ணினேன். செம்பூர் வரைக்கும் போய்த் திரும்ப, பழைய வழியில், பின்னால் எடுக்க வேண்டிய இடங்கள் மூன்று: எங்கள் வளாகம், அக்கா வீட்டு வாசல், தோசைக் கடை. தோசைக் கடையை விட்டுவிட்டு, சுற்றி வரக்கூடிய தெருவில் இருக்கும் வேறு கடையைப் பிடித்தேன். அக்கா வீட்டுத் தெருவின் மறுமுனையில் வெளியே போக ஒரு வழி இருந்தது. குறுகல், ஆனால் போகலாம். மிஞ்சியது எங்கள் வளாகம். அதற்கு வாட்ச்மேனைப் பேசி வைத்தோம். பெண் வருவதற்கு முன்பே அவன் காரைத் தள்ளி வெளியே நிறுத்திவிட வேண்டும்.

பெண் முந்தைய லோக்கல் ரயிலைப் பிடித்து வந்துவிட்டாள். அவள் கேட்டுக்குள் நுழையும்போது வாட்ச்மேன் இரண்டு கையையும் பானெட்டில் ஊன்றி, உடம்பைச் சாய்த்து, முக்கிக்கொண்டிருந்தான்.

"என்ன பண்றான்?" என்றாள்.

"தொடைக்கிறான்" என்றேன்.

என் மனைவி தன் தோளில் கிடந்த துண்டை அவன்மேல் எறிந்தாள். அவன் புத்திசாலி, சாய்ந்தபடியே துடைத்துக்கொண்டு தள்ளினான்.

பதினொரு சிக்னலும் நன்றாகப் போயின. பெண் பின் ஸீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, நான் பரீட்சைக்குப் போனால் மேற்பார்வையாளர் உட்காருவாரே, அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வேகத்தடைகளைச் சொல்லவில்லை. மனசுக்குள் எண்ணிக்கொண்டேன்.

செம்பூரில் அக்கா வீட்டுத் தெருவுக்குள் திரும்பினோம். இரண்டு பக்கமும் வண்டிகள். நடுவில் ஒரு கார் போகும் இடம். அக்கா முதல் மாடி பால்கனியில் தயாராக நின்றிருந்தாள். அப்போது எதிரே ஒரு பெரிய கறுப்புக் கார் வந்து எங்கள் மூக்கோடு மூக்காக நின்றது. ஹாரன் அடித்தது.

என் மனைவியின் கை ஆரை நோக்கிப் போயிற்று. பாதி வழியில் நின்றது.

"அம்மா, ஏன் நிக்கறே? பின்னாடி காலியாதான் இருக்கு" என்றாள் பெண்.

மறுபடி ஹாரன். என் மனைவி ஒரு மூச்சு விட்டாள். கியரை பார்க்கிங்குக்கான பியில் போட்டாள். இன்ஜினை அணைத்தாள். பிறகு காலடியில் இருந்த பையைத் திறந்து, அக்காவுக்காக வாங்கி வந்த முருங்கைக்கீரைக் கட்டை எடுத்து மடியில் வைத்து, ஆய ஆரம்பித்தாள்.

முருங்கைக்கீரை ஆய்வது என்றால் எவ்வளவு நேரம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கறுப்புக் காரிலிருந்து ஒரு இளைஞன் இறங்கி வந்து, கொஞ்சம் பின்னால் எடுக்கச் சொன்னான். "ஆன்ட்டி, தோடா பீச்சே லீஜியே நா."

"தும் லோ, பேட்டா" என்று அவனையே பின்னால் எடுக்கச் சொன்னாள் இவள்.

"ஆன்ட்டி, மேரே பீச்சே தோ காடி ஹை!" என்று தனக்குப் பின்னால் நின்ற இரண்டு வண்டிகளைக் காட்டினான்.

"மேரே கோ ஜல்தி நஹீ ஹை", எனக்கு அவசரமில்லை என்றாள் இவள், ஒரு காம்பை உருவி. இலைகள் மடியில் உதிர்ந்தன.  நான் காம்புகளை எண்ணினேன், வேறு என்ன செய்ய? ஆறு.

மேலேயிருந்து அக்காவின் குரல் தெரு முழுக்கக் கேட்டது. "விடாதேடீ! அவன் நித்தியம் இப்படித்தான் வரான்! ஒன்வே போர்டை மறைச்சுண்டு வண்டியை நிறுத்தி வச்சிருக்கா!"

ஒன்வேயா! நாங்கள் சரியான பக்கம் வந்திருக்கிறோம் என்பது எங்களுக்கே அப்போதுதான் தெரிந்தது. என் மனைவி ஜன்னல் வழியே கையை நீட்டி, முருங்கைக் காம்பால் அந்த போர்டு இருக்க வேண்டிய திசையைக் காட்டினாள். 

பத்தாவது காம்பில் அவன் காருக்குத் திரும்பிப் போனான். முதலில் கடைசி வண்டி பின்னால் போயிற்று, அப்புறம் நடு வண்டி, அப்புறம் கறுப்புக் கார். தெருவே பின்னால் போயிற்று. இவள் கீரையை மூடி வைத்து, இன்ஜினைப் போட்டு, நிதானமாக முன்னேறி, அக்கா வீட்டு வாசலில் நிறுத்தினாள்.

பெண் கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். அப்புறம் என் தோளைத் தொட்டாள். "அப்பா, அம்மா ரிவர்ஸ் எடுக்கவே இல்லை."

"இல்லை" என்றேன். அது உண்மைதானே.

"இப்படி ஓட்டினா எனக்கு ஒரு பயமும் இல்லைப்பா. சாவியை நீயே வச்சுக்கோம்மா."

அக்கா முன் ஸீட்டில் ஏறும்போது, "யார் வண்டி இது, புதுசா? சத்தமே இல்லையே" என்றாள். அன்று இரண்டு காபி குடித்தாள்.

திங்கட்கிழமை மெக்கானிக் கொடைப் பிரசாதத்தோடு வீட்டுக்கே வந்தார். காருக்கு அடியில் படுத்து, ஆயில் தட்டைக் கழற்றி, வால்வ் பாடியை இறக்கிப் பிரித்தார். ஏழு குண்டும் இருந்தன. அதில் ஒன்று பக்கத்துக் குழியில் உட்கார்ந்து, ரிவர்ஸுக்குப் போகிற ஆயிலை வேறு வழியில் விட்டுக்கொண்டிருந்தது.

"நீங்கதானே மாமா எண்ணினிய?" என்றார் அடியிலிருந்து.

"எத்தனைன்னு எண்ணினேன். எங்கேன்னு நீங்கதான் மண்டையில வச்சிருந்தேள்."

"அன்னைக்கு நீங்க அஞ்சு, அஞ்சுன்னு கத்தாம இருந்தியன்னா..."

"அன்னிக்கு ரிவர்ஸ் எடுத்துப் பாத்திருந்தா அங்கேயே தெரிஞ்சிருக்கும். தள்ள வச்சது யார்?"

"எலுமிச்சம்பழம் வச்சதுனாலதான் மாமா இதோட போச்சு. வைக்காட்டி டியும் போயிருக்கும்" என்று அவர் முடித்துவிட்டார். 

ஆர் வேலை செய்தது. வளாகத்தில் எங்கள் இடத்தில் என் மனைவி காரைப் பின்னால் அழகாக விட்டாள். வாட்ச்மேனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். துண்டைத் திருப்பிக் கொடுத்தான்.

அடுத்த சனிக்கிழமை மார்க்கெட் தெருவில் ஒரு டெம்போ எதிரே வந்து நின்று ஹாரன் அடித்தது. அதே இளநீர் வண்டிக்குப் பக்கத்தில். பின்னால் தெரு காலியாக இருந்தது.

"இப்போ ஆர் வேலை செய்யறது" என்று நினைவூட்டினேன்.

"தெரியும்" என்றாள். பியில் போட்டாள். இன்ஜினை அணைத்தாள். கை பைக்குள் போயிற்று. ஒரு கட்டு கீரை இருந்தது. அக்கா வீட்டில் அன்று அவரைக்காய் சமையல் என்று எனக்குத் தெரியும்.

நாலாவது காம்பிலேயே டெம்போ பின்னால் போய்விட்டது.